லானுன் வந்துட்டானுங்க

என் நண்பன் மோகன் நடுக்கடலில் உயிருக்குப் பயந்து என்னை அழைத்தபோது நான் சிரித்தேன். சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஒரு சொல்லின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

'லானுன்' என்றால் மலாயில் கடற்கொள்ளையன். கிள்ளானில் நாங்கள் பள்ளிப் பிள்ளைகளாக இருந்த காலத்தில், ரம்புத்தான் பழுத்துவிட்டால் எந்த வீட்டு மரமும் எங்களிடம் தப்பாது. தெருவே எங்களை லானுன் என்று திட்டும். அதுவே எங்களுக்குப் பட்டமாகிவிட்டது! அடடா, என்ன நாட்கள் அவை! சட்டைக்குள் பழங்களைத் திணித்துக்கொண்டு ஓடுவோம். உள்ளே எறும்பு கடிக்கும். மோகன்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடுவான்.

வளர்ந்த பிறகு அவன் இழுவைப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். நான் அதே கம்பெனியின் துறைமுக அலுவலகத்தில், எந்தப் படகு எங்கே போகிறது என்று திரையில் கவனிக்கும் வேலையில் அமர்ந்தேன். பழைய கூட்டாளிகள் படகுத்துறைக்கு வந்துவிட்டால் உடனே அழைப்பான். "டேய், லானுன் வந்துட்டானுங்க, நீயும் வா லா!"

அன்று மதியமும் அதையேதான் சொன்னான். "டேய், லானுன் வந்துட்டானுங்கடா..." குரல் தாழ்ந்திருந்தது.

"சாப்பிட நாசி லெமாக் வாங்கிக் குடு, போயிடுவானுங்க!" என்றேன்.

அவன் படகு மலாக்கா நீரிணையில் இருப்பதை என் எதிரே இருந்த திரை காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம்! நான் பார்க்கவில்லை. சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது படகு கடலில் அசையாமல் நின்றது. பதறிப்போய்க் கடல் காவல் படையை அழைத்தேன். "இப்போதுதான் தகவல் வந்தது" என்றேன். அந்தப் பொய்யை யார் சொல்லச் சொன்னார்கள்? அவர்கள் விரைந்துதான் போனார்கள். ஆனால் கொள்ளையர்கள் அதற்குள் இந்தோனேசியக் கடல் எல்லைக்குள் புகுந்துவிட்டார்கள். எல்லை தாண்டித் துரத்த இவர்களுக்கு அனுமதியில்லை. அந்தப் பக்கம் செய்தி சொல்லிப் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடனே சொல்லியிருந்தால் நம் எல்லைக்குள்ளேயே பிடித்திருப்பார்களோ? மோகனின் வலது கையில் பாராங் கத்தி விழுந்திருக்காதோ?... இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

என்னிடம் சொன்ன கையோடு அவன் போனைச் சட்டைக்குள் ஒளித்துவிட்டானாம். என் சிரிப்பு அவன் காதில் விழவே இல்லை.

இப்போது அவனும் மனைவியும் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்கிறான். "இவன் உடனே போன் போட்டான். மரைன்காரங்கதான் லேட்டு. இவன் இல்லன்னா நான் இல்ல லா!"

நான் தலையாட்டுகிறேன். எவ்வளவு கேவலம்!

போன தீபாவளிக்கு அவன் வீட்டில் சாப்பிட்டேன். விளங்காமல் போன வலக்கையைத் தொங்கவிட்டபடி, இடக்கையால் என் இலையில் சோறு போட்டான்.

"மன்னிச்சிக்கடா... இடது கையால போடுறேன்."

"பரவால்ல லா" என்றேன்.