ஓரத்தில் நின்றவர்

நேற்று பேத்தி கல்யாணத்தில் அலங்காரம் செய்ய வந்தவள், பிள்ளையின் முகத்தில் பவுடரைச் சுண்ணாம்பு மாதிரி பூசினாள். அந்த வாடை பட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பந்திக்குக்கூடப் போகவில்லை. கிழவிக்குப் பித்தம் என்றார்கள். பித்தம் இல்லை, உங்களிடம் சொல்வதற்கென்ன.

சுதந்திரம் வந்து நாலைந்து வருசம் இருக்கும். சங்கரன்கோவிலில் ஒரு பஞ்சு முதலாளி வீட்டில் எனக்குச் சமையல்கட்டு வேலை. ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற சுபாவம். இப்போதும் அப்படித்தான், அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். குற்றாலம் போகிற வழியில், முதலாளி மகனுக்குத் தெரிந்த நாலு வெளிநாட்டு வாத்தியக்காரர்கள் வந்து தங்கினார்கள். மூன்று பேர் வெள்ளை. ஒருவர் நம்மைவிடக் கறுப்பு, அமெரிக்காவாம். நாலு பேரும் கூடத்தில் அரைவட்டமாக உட்கார்ந்து பிடில் வாசித்தார்கள். பாட்டும் இல்லை, மேளமும் இல்லை. கறுத்தவர் பெரிய பிடிலை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி இழுக்க, நான் உரித்த வெங்காயத்தைக் குப்பையிலும் தோலைச் சட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக வாசித்ததை எழுதினதே அவர்தான் என்று முதலாளி மகன் சொன்னார்.

கை தட்டின சத்தம் அடங்கவில்லை, ஸ்டூடியோ அண்ணாச்சி பவுடர் டப்பாவோடு வந்துவிட்டார். கறுத்த முகம் என்றால் பூசித்தான் படம் எடுப்பார். என் கல்யாணப் படத்தில் நான் பேய் மாதிரி இருப்பேன். நேரே போய் அந்தக் கறுத்தவர் கன்னத்தில் ஓர் அப்பு.

"அசையாதீங்க தொர, இல்லன்னா படத்துல பல்லுதான் தெரியும்."

கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கரிசல் வெயிலில் வெந்த நிறம். நினைத்தால் இன்றைக்கும் த்தூ என்று துப்பத் தோன்றுகிறது. சமையல்கார முத்தக்கா மட்டும் கேட்டாள்:

"ஏன் அண்ணாச்சி, இம்புட்டு நேரம் அவுக மொகமா வாசிச்சுது?"

"ஏட்டி, நீ போய் அடுப்பப் பாரு" என்றாள் முதலாளியம்மா.

கறுத்தவர் கைக்குட்டையால் பவுடரை நிதானமாகத் துடைத்தார். வேண்டாம் என்று தலையசைத்து, தன் முகத்தோடேயே ஓரத்தில் போய் நின்றார். அப்படியே படத்தில் விழுவார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

படம் வந்தபோது, விழுந்திருந்தார். கண் இமைகூடத் தெரிந்தது.

"ஓரத்துல என்ன, கருப்பா அடச்சுக்கிட்டு நிக்குது? வெட்டிட்டுச் சட்டம் போடச் சொல்லு."

முதலாளியம்மா சொன்னபடியே மகன் படத்தை வெட்டக் கொண்டுபோனார். மூன்று வெள்ளைக்காரர்கள் வந்து வாசித்ததாக விருந்தாளிகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். கண்ணாடியைத் துடைக்கிற வேலை எனக்கு. வெட்டின ஓரத்தில் அவருடைய விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

இப்போது அந்த வீடு செல்போன் கடையாகிவிட்டது. படம் எந்தக் குப்பையில் போயிற்றோ. அவர் எழுதினதில் ஓர் இழுப்புகூட நினைவில் இல்லை. பெயரையாவது சொல்லலாம் என்றால், அன்றைக்கே நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.