மறுபக்கம் சுழன்ற வெள்ளி

இறங்குதுறைக்குப் பக்கத்தில் நிற்கிற ஐஸ் தொழிற்சாலை நான் கட்டியது. யுத்தத்தில் அது எரிந்த பிறகு, கருகின சுவரிலிருந்தே மறுபடி எழுப்பினதும் நான்தான். ஆழ்கடலுக்குப் போகிற படகுகள், ஓர்ஸ் ஹில்லில் மாடிவீடு, எல்லாம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட இந்தக் கைகளால் வந்தவை. ஒருவரும் ஒரு கல் தூக்கித் தரவில்லை. ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய காரியம் ஒன்றை ஒன்பது வயதிலேயே செய்துவிட்டேன்.

சித்தப்பா எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரியான பெரியவர் ஒருவர் வருகிறார் என்று, சூரியனையும் கிரகங்களையும் பிள்ளைகளை வைத்தே மைதானத்தில் நடத்திக் காட்ட நினைத்தார். துறைமுகத்தில் கழித்துப்போட்ட மிதவை ஒன்றுக்கு மஞ்சள் பூசி நடுவில் வைத்தார். அதுதான் சூரியன். பூமி என் மச்சான். நான் வெள்ளி. சூரியன் இடக்கைப் பக்கம் இருக்கச் சுற்றவேண்டும், சுற்றும்போதே தன்னையும் அதே இடப்பக்கமாகச் சுழற்றவேண்டும் என்றார். விடியற்காலையில் தெரிகிற வெள்ளியும் பொழுதுபட்டபின் தெரிகிற வெள்ளியும் ஒன்றுதானாம்; அது நட்சத்திரமே இல்லையாம். சுழல முதலே எனக்குத் தலை சுற்றியது.

வீட்டில் செய்து காட்டியபோது அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். கோயிலில் நாங்கள் சாமி வலக்கைப் பக்கம் இருக்கத்தான் சுற்றுவோம். பிள்ளையார் முன்னால் நின்ற இடத்தில் தன்னைத்தானே சுற்றிக் கும்பிடுவதும் வலப்பக்கமாகத்தான்.

"கொள்ளிக்குடத்தோடதான் இடப்பக்கம் சுத்திறது. கொப்பர் கடல்ல நிக்கிறார். நீ சுத்தப்படாது."

அப்பா புல்மோட்டைப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்தார். வரவேண்டிய நாளும் கடந்திருந்தது. அடுத்த ஒத்திகையில் சூரியனை வலப்பக்கமாகச் சுற்றினேன். எதிரே வந்த பூமியோடு மோதினேன். சித்தப்பா குட்டினார். இனி ஒருக்காப் பிழை விட்டால் தோலை உரிப்பன் என்றார்.

பெரியவர் வந்த அன்றைக்கு மைதானம் நிறையச் சனம். முன்னால் அம்மா, வேலிக்கு அங்கால் கடல். நான் கால்களைச் சித்தப்பாவுக்கும் உடம்பைப் பிள்ளையாருக்கும் கொடுத்தேன். அதாவது, சூரியனை எல்லாரையும்போல இடப்பக்கமாகவே சுற்றினேன். என்னை மட்டும் வலப்பக்கமாகச் சுழற்றினேன், அப்பா வரவேண்டும் என்று முணுமுணுத்தபடி, மெல்ல மெல்ல. மற்றவர்கள் பம்பரம்போலச் சுழன்றார்கள். சித்தப்பா பிரம்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

அதற்குள் பெரியவர் எழுந்துவிட்டார். "வெள்ளி மட்டும் மறுபக்கமாச் சுழலுது, அதுவும் மெல்ல, ஆறுதலா. வானத்து வெள்ளியும் அப்பிடித்தான் எண்டு விஞ்ஞானிகளே இப்பத்தான் கண்டுபிடிச்சவை. பிள்ளைக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

சித்தப்பா பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நான்தான் சேர்."

அடி விழும் என்று நின்றவனுக்குக் கைதட்டல் விழுந்தது. மறுநாள் அப்பா கரை சேர்ந்தார். இயந்திரம் பழுதாகி நின்றதாம். நான் சரியான பக்கம் சுழன்றதால்தான் அவர் வந்தார் என்று அம்மா தேங்காய் உடைத்தார். தான் படிப்பித்தபடியால்தான் நான் சரியாகச் சுழன்றேன் என்று சித்தப்பா ஊரெல்லாம் கதைத்தார். இரண்டு பேர் சொன்னதும் சரியா, இரண்டும் பிழையா, அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. வெள்ளி ஒருதரம் தன்னைச் சுழற்றி முடிக்குமுன் அதற்கு ஒரு வருசமே முடிந்துவிடும், அங்கே சூரியன் மேற்கில்தான் உதிக்கும் என்று பேத்தி இப்போது சொல்கிறாள். அது இன்றைக்கும் பிடிபடவில்லை.

பள்ளிக்கூடம் இப்போது ஆண்டு மலர் போடுகிறது. அன்றைய படமும் வருகிறதாம். அதன் கீழே, வெள்ளியின் சுழற்சியைச் சரியாகக் காட்டியவர் என்று சித்தப்பாவின் பெயர். எல்லாரையும் ஒரே பக்கம் சுழலச் சொன்னவர் அவர். சுழன்றவன் நான். பிள்ளையார் தன் பங்கைத் தானே கேட்டு வாங்கட்டும். மலர் போடுகிறவர்களே, அச்சுக்குப் போக முன்னம் அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.