சீல் இல்லாமல் கொடுத்த விளக்கம்

என் கணவர் ஆண்டிமடம் பக்கம் ஒரு சிறிய கூட்டுறவு வங்கியின் செயலாளராக இருந்தார். முந்திரி பொய்த்துக் கடன்கள் திரும்பாமல் போகவே, வங்கியின் உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று உரிமம் கொடுத்த ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. மெட்ராஸில் நடந்த விசாரணைக்குப் போனார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதையெல்லாம் ஒரு வாரத்துக்குள்ள எழுத்துமூலமாக் குடுத்துடுங்க” என்றாராம்.

ராப்பகலாக உட்கார்ந்து எழுதினார். தபாலை நம்பாமல் தானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

“வாங்கிக்கிட்டதுக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா?” என்று கேட்டேன்.

“அங்க இருந்த கிளார்க் மரியாதையாப் பேசுனாரு. வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறேன்னாரு. அவருகிட்டப் போயி சீல் போடுங்கன்னு எப்படிக் கேக்குறது?”

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. எழுத்துமூலமான விளக்கம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை என்றும், உரிமம் ரத்து என்றும் இருந்தது. பதறிக்கொண்டு ஓடினார். அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். “குடுத்ததுக்கு அத்தாட்சி இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டாராம்.

வங்கி மூடப்பட்டது. மகள் கல்யாணத்துக்கு அதில் சேமித்து வந்த ஒரு பெண், எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஒரு பேப்பரு எழுதிக் குடுக்கக்கூடவாங்க உங்களால முடியல?”

இவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து கடைத்தெருப் பக்கம் போவதில்லை.

இப்போது எந்த ஆபீசுக்கும் மனு கொடுக்க நான்தான் போகிறேன். இன்னொரு பிரதியில் சீல் வாங்காமல் நகர்வதில்லை. முறைத்தாலும் நிற்கிறேன். அந்தப் பிரதியை வீட்டில் அவர் கண்ணில் படாமல் வைத்துவிடுகிறேன்.