இடாப்பில் பெயர் இல்லாத கோல் கீப்பர்

தேங்காய் எண்ணெய் பூசி வெயிலில் வைத்த தோல் பந்தின் மணம்... அறுபதுகளின் தொடக்கத்தில் என் கைகளில் எப்போதும் அந்த மணம்தான். சாப்பிடும்போதும் போகாது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கிளிநொச்சிப் பக்கம், காடு வெட்டிக் காணி கொடுத்த ஒரு குடியேற்றத் திட்டத்தின் விளையாட்டுக் கழகம் என்னைச் சம்பளத்துக்குக் கோச்சாக வைத்திருந்தது. "பந்து உதைக்கப் பழக்கிறதுக்கும் சம்பளமோ?" என்று சந்தையில் என் காதுபடவே சிரிப்பார்கள். நானோ சரியான பயந்தாங்கொள்ளி. மேட்ச் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே நித்திரை போய்விடும்.

ஆனால் மைதானத்தில் பெரிய வீரன்போலக் கத்துவேன்.

"பந்துக்கு ஆரின்ர மகனெண்டும் தெரியாது, என்ன சாதியெண்டும் தெரியாது. ஒழுங்காய் வாறவன் விளையாடுவான்!"

இதுதான் என் கொள்கை. உண்மையாகவே நம்பினேன்.

அப்படித்தான் மாரிமுத்து கோலுக்கு வந்தான். என் வயதுதான் இருக்கும். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து, இங்கே ஒருவரின் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். கட்டாந்தரையில் விழுந்து பந்தைப் பிடிப்பான், முழங்கை முழுக்கக் காயம். "ஒரு தோட்டக்காட்டானைப் போய்க் கோலிலை விட்டிருக்கிறியள்" என்று சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். நான் அசையவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது... இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன.

அந்த வருடம் சுற்றுப்போட்டிக்கு முன் கழகங்களின் கூட்டம் நடந்தது. சில ஊர்க்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து கெட்டிக்காரர்களை ஒரு நாளைக்கு மட்டும் இறக்கி விளையாடுகிறார்கள் என்று ஒரே சண்டை. நான் எழும்பினேன். அந்தந்த ஊர் வாக்காளர் இடாப்பில், அதுதான் வாக்காளர் பட்டியலில், பெயர் உள்ளவர்கள் மட்டும் விளையாடட்டும், எல்லாருக்கும் ஒரே நியாயம் என்றேன்.

கைதட்டினார்கள்! கூட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர், "நல்ல கதை, மாஸ்டர். இதைத்தான் இவ்வளவு நாளும் தேடினனாங்கள்" என்றார்.

சைக்கிளில் திரும்பி வருகிறேன்... வாய்க்கால் கரையில் பாதி வழியில்தான் உறைத்தது.

மாரிமுத்துவுக்கு வாக்கு இல்லை. தோட்டத்திலிருந்து வந்த அவர்களுக்குக் குடியுரிமையே இல்லை; இந்திய வம்சம் என்று சுதந்திரம் கிடைத்த வருடமே சட்டம் போட்டுப் பறித்துவிட்டார்கள். இந்த ஊர் இடாப்பில் மட்டுமல்ல, எந்த ஊர் இடாப்பிலும் அவன் பெயர் இருக்காது.

பேப்பரில் எத்தனையோ தரம் வாசித்த விஷயம்தான். எனக்கு வாக்கு இருந்தது, அதனால் நினைவுக்கு வரவில்லை.

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். தன் ஆளுக்காகச் சட்டத்தை மாற்றுகிறான் என்பார்களே என்ற பயம். பத்து நாள் அவனிடமும் சொல்லவில்லை. அவன் ஒவ்வொரு பந்துக்கும் பாய்ந்து விழும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். ஒருவழியாகச் சொன்னேன்.

"அரிசிக் கூப்பன்ல பேரு இருக்குங்க சார். அது போதாதுங்களா?"

"பாப்பம்" என்றுவிட்டுப் பந்துக்கு எண்ணெய் பூசப் போய்விட்டேன்.

எங்கள் கப்டன் தேவராசாதான் வழி சொன்னான். "கொழும்பிலை வேலை செய்யிற என்ர அண்ணன்ர பேர் இடாப்பிலை கிடக்கு, மாஸ்டர். இவனைச் சிவராசா எண்டு குடுப்பம்." நான் சம்மதித்தேன். மாரிமுத்துவும் தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகு நான் அவனுக்குக் கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? பெயரைக் கூப்பிட்டால் "ஆமாங்க" என்று சொல்லாமல் எங்கள் ஊர்க்காரர்போல "ஓம்" என்று சொல்ல. இருபது தரம் சொல்ல வைத்தேன். இதுவும் கோச் வேலையாம்...

போட்டி நாள். மருத மரத்தடியில் மேசை போட்டு, இடாப்பும் சிவப்புப் பென்சிலுமாகத் தலைவர் உட்கார்ந்திருந்தார். கோல் கீப்பர் பெயர்தான் முதலில்.

"சிவராசா!"

சத்தமில்லை. "சொல்லடா" என்று பல்லுக்குள் முணுமுணுத்தேன். அவன் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"அது நான் இல்லீங்கய்யா. எம்பேரு மாரிமுத்து. இதுல இருக்காதுங்க."

தலைவருக்கு முகம் சிவந்தது. "அப்ப இந்தக் கள்ளப் பேரை ஆர் குடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நான்தாங்க" என்றான் மாரிமுத்து.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவன் என்னையும் ஏமாற்றியதாகவே எண்ணித் தலைவர் அவனை விலக்கினார். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். பரிசளிப்பில் தலைவர் பேசினார். "தன்ர ஆள் எண்டும் பாராமல் சட்டத்துக்கு மதிப்புக் குடுத்த மாஸ்டருக்கு ஒருக்காக் கைதட்டுங்கோ." தட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று மாரிமுத்துவும் தட்டினான்.

ஜேர்சியை மடித்துத் தர வந்தபோது கேட்டேன். "ஏன்ரா ஓம் எண்டு சொல்லேல்லை?"

"சொல்லத்தான் சார் வந்தேன். ஆனா பந்து வர்றப்ப நீங்க லைன்லேருந்து பேரைச் சொல்லிக் கத்துவீங்கல்ல... சிவராசான்னு கத்தினா எனக்குத் திரும்ப வராதுங்க."

பழியை ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அறுவடை முடிந்ததும் அந்தக் குடும்பம் போய்விட்டது. சிலர் வவுனியா என்றார்கள். சிலர் கப்பலேறி இந்தியா என்றார்கள்.

எனக்கு இப்போது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. பேத்தி தட்டச்சுச் செய்து தருகிறாள். இங்கே பிள்ளைகள் மேட்சுக்குப் போவதைப் பார்க்கிறேன். முதுகில் அவரவர் பெயர், கழுத்தில் படம் போட்ட அட்டை, போனைத் தட்டினால் எல்லா விபரமும்... நல்ல காலம்தான். ஆனால் தேர்தல் வந்து என் விரலில் மை பூசும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பதைப்பு.

மாரிமுத்து. நல்ல உயரம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. வாசிக்கிற யாருக்காவது தெரிந்திருக்கலாம். இருக்கிறானா இல்லையா என்றுகூட நான் கேட்கவில்லை. எந்த நாட்டிலாவது, எந்த ஊரிலாவது, ஒரே ஒரு தேர்தலிலாவது அவன் வாக்குப் போட்டானா... அதை மட்டும் சொல்லுங்கள்.