சுவருக்கு இந்தப் பக்கம் நைனா

சுவர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வீட்டுச் சுவர் இல்லை. எங்கள் லைன் கோடியில், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுக்கு எதிரே, ஆண்கள் கக்கூஸுக்கும் பெண்கள் கக்கூஸுக்கும் நடுவில் நின்ற கருங்கல் சுவர். மேலே பூசிய சுண்ணாம்பு அங்கங்கே உதிர்ந்து, கல் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். மழை நாளில் இடுக்கெல்லாம் பாசி. அந்தப் பக்கத்துப் பீடிப் புகை இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்துச் சிரிப்பு அந்தப் பக்கம் போகும், மற்றபடி ஈ எறும்பைத் தவிர எதுவும் அதைத் தாண்டியதில்லை. தங்கத்துக்காக மனிதர்கள் பூமிக்குள் அத்தனை ஆழம் இறங்கி ஏறிய ஊர் இது. ஆனால் மாரிகுப்பத்தில் எங்கள் லைனில் எந்த வீட்டுக்கும் சொந்தமாக ஒரு சின்னக் குழி கிடையாது. வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்ற தகர வீடுகள், கோடியில் ஒரு குழாய், அதையும் தாண்டினால் அந்தச் சுவர்.

அந்தச் சுவருக்கு வெளியே தகர டப்பாவோடு ஒரு மனிதர் நிற்பார். முகத்தில் கல்தூசி. ராத்திரி ஷிஃப்ட்டு முடித்து வந்தவர், இன்னும் குளித்திருக்கவில்லை. அவர்தான் என் நைனா.

அம்மா முதல் பஸ்ஸுக்கே பேத்தமங்களா போய்விடுவாள். ஏரிக்கரைத் தோட்டங்களில் கீரை வாங்கி, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு, சாயங்காலம்தான் திரும்புவாள். அதனால் காலை நேரத்தில் நான் நைனாவின் பொறுப்பு. தலை வாருவார், வகிடு ஒரு நாளும் நேராக வந்ததில்லை. டீயில் பன் தோய்த்துக் கொடுப்பார். எல்லாம் செய்வார், ஒன்றைத் தவிர. பெண்கள் பக்கத்துக்குள் அவர் வர முடியாது. தனியாகப் போகும் வயது எனக்கு ஆகவில்லை, இருட்டென்றால் பயம், குழியென்றால் அதைவிட பயம். அதனால் வாசலுக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு, சைனைட் மேட்டைப் பார்த்தபடி நிற்பார். நான் உள்ளே இருக்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். இன்று காக்கா எத்தனை வந்திருக்கிறது, மேட்டின் மேல் யார் வீட்டு ஆடு ஏறியிருக்கிறது, சங்கு ஊத இன்னும் எவ்வளவு நேரம். அவர் குரல் நின்றால் நான் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளேயிருந்து பெண்கள் கேலி பேசுவார்கள். "அண்ணா, நீங்க போயி படுங்க, உங்க பொண்ண நாங்க ஒண்ணும் முழுங்கிட மாட்டோம்." அவர் நகர மாட்டார். அப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. பேங்க்ஸ்மன். பூமிக்குள் இறங்கும் சாஃப்ட்டு வாயில் நின்று, கேஜ் என்ற இரும்புக் கூண்டின் கதவைத் திறந்து மூடி, மணியடித்து, ஆட்களை இறக்கி ஏற்றுகிறவருக்குச் சுரங்கத்தில் அந்தப் பெயர். உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வரும்வரை அவருக்கு வேலை உண்டு. நைனா நிஜத்தில் டிம்பர்மேன், பூமிக்கடியில் மரம் முட்டுக்கொடுக்கிறவர். ஆனால் எங்கள் லைன் பெண்களுக்கு அவர் பேங்க்ஸ்மன்தான். "இன்னா, பேங்க்ஸ்மன் வந்துட்டாரா? அப்ப கேஜு எறங்கலாம்" என்று ஒருத்தி சொல்ல, உள்ளே சிரிப்பு வெடிக்கும்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதாமல் அந்தச் சுவரைப் பற்றி எழுதியதாக ஆகாது. உள்ளே கதவுகள் கிடையாது, இடுப்பளவுத் தடுப்புகள் மட்டும்தான். இன்று நினைத்தால் கூசுகிறது. அன்று அதுதான் எங்கள் லைன் பெண்களின் ஒரே சபை. வீட்டில் மாமியார், குழாயடியில் ஊர், தெருவில் ஆண்கள். இங்கே மட்டும்தான் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் உள்ளதைச் சொல்லலாம். சுரங்கத்துக்குள் இறங்கியே இராத அந்தப் பெண்கள் பேசியதெல்லாம் சுரங்கத்துப் பாஷை. பிள்ளை உண்டானவளிடம் எத்தனை மாதம் என்று கேட்க மாட்டார்கள். "எத்தினி லெவல் எறங்கியிருக்குது?" என்பார்கள். எதிர்வீட்டு அத்தை ஒரு காலை அங்கேதான் ஜாக்கெட்டைத் தளர்த்தி முதுகைக் காட்டினாள். பெல்ட்டுத் தடம். யாரும் ஐயோ என்று அலறவில்லை. அன்று சாயங்காலம் லைன் பெண்கள் நாலைந்து பேர் தங்கள் அரிசி முறத்தை எடுத்துக்கொண்டு போய் அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து கல் பொறுக்கினார்கள். மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும். மாமாவுக்குக் கடைசிவரை விஷயம் எப்படி வெளியே போனதென்று தெரியாது. பெல்ட்டு அதன்பின் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

அந்தச் சுவர் இல்லாமலிருந்தால் அந்த முதுகு யாருக்கும் தெரிந்திராது. இதை நான் எப்போதும் சொல்வேன், இன்றும் சொல்கிறேன்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் போய்வந்த ஆள் ஒருத்தி உண்டு. துடைப்பமும் வாளியுமாகக் கழுவ வருகிறவள். ஆண்கள் பக்கம் நுழையுமுன் "வர்றேன், வர்றேன்" என்று வாளியைத் தட்டுவாள். ஒரு பெண் ஆண்கள் கக்கூஸுக்குள் போகிறாளே என்று லைனில் யாருக்கும் தோன்றியதில்லை. யாருக்குச் சுவர், யாருக்கு இல்லை என்பதை அந்தச் சுவர் முடிவு செய்யவில்லை. நாங்கள்தான் செய்தோம்.

காலம் ஓடிற்று. சுரங்கம் மூடியது, சங்கு நின்றது, அவரவர் வீட்டுப் பின்புறம் அவரவர் கக்கூஸ் கட்டிக்கொண்டார்கள். சுவரின் கற்கள் ஒவ்வொன்றாக யார் யார் வீட்டுக்கோ அஸ்திவாரமாகப் போய்ச் சேர்ந்தன. நான் பெங்களூருக்கு விடிகாலை ரயிலில் போய்வரும் ஆயிரம் பேரில் ஒருத்தியானேன். நைனா சாயங்காலமானால் மார்க்கெட்டுக்குப் போய், அம்மாவின் காலிக் கூடையைத் தான் தூக்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் நடந்து வருவார். ஓய்வு பெற்ற பிறகு அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஷிஃப்ட்டு அது.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின. அப்புறம் வழி. அப்புறம் வேட்டி முடிச்சு, கதவுத் தாழ்ப்பாள், குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பது. தனியாக உள்ளே விட்டால் சுவரைத் தடவிக்கொண்டு அழுவார். வீட்டில் பிரச்சினை இல்லை, கூடவே நிற்பேன். வெளியில்தான் பிரச்சினை. ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பஸ் ஸ்டாண்டில் அவருக்கு அவசரமாகிவிட்டது. இரண்டு வாசல், இரண்டு படம். ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. அங்கே நின்றிருந்த பையன் ஒருவனைக் கேட்டேன், நல்ல பிள்ளை, வாங்க தாத்தா என்று கையைப் பிடித்தான். நைனா என் கையை விடவில்லை. "யாரும்மா இவுரு? எந்த ஷிஃப்ட்டு?" என்றார். வேறு வழி தெரியாமல் பெண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு பெண் மறித்தாள். "இன்னாம்மா நீ, ஆம்பளைய இங்க இட்டுனு வர்ற? உள்ள வயசுப் பொண்ணு துணி மாத்தினு இருக்குது."

அவள் சொன்னது தப்பில்லை. அவள் இடத்தில் எங்கள் லைன் பெண்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் அந்தச் சுவருக்குள் வளர்ந்தவள். ஆனால் அவளுக்கு எப்படி விளங்கவைப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே, இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றிருந்த நைனாவின் வேட்டி நனைந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டார். எல்லாம் மறந்த மனிதருக்கு வெட்கம் மட்டும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை. மார்க்கெட்டுக்குப் போகலாமா நைனா என்று கூப்பிட்டால், "இன்னிக்கு ஷிஃப்ட்டு இல்லம்மா" என்பார். சாயங்காலமானால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா கூடையோடு தெருமுனையில் திரும்பியதும், எதையோ கைநழுவ விட்டவர் மாதிரி தன் வெறுங்கையைப் பார்த்துக்கொள்வார்.

ஒருமுறை மட்டும் மருத்துவரிடம் காட்டப் பெங்களூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ரயிலில் படமில்லை, ஆண் பெண் இல்லை, பெட்டிக் கோடியில் யார் வேண்டுமானாலும் போகலாம். அப்பாடா என்று இருந்தது எனக்கு. கதவைத் திறந்தேன். தகரச் சுவர், ஆட்டம், இரும்புச் சத்தம், அடியிலிருந்து வரும் காற்று. நைனா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் மாறியது. எத்தனையோ வருஷங்களுக்கு முந்தைய முகம் அது, வேலைக்குப் போகிற முகம்.

"நீ வராத. பொம்பளைங்க கேஜுல ஏறக் கூடாதும்மா. கீழ ஆளுங்க இருக்கிறாங்க, அவுங்களுக்கு ஆகாது."

சுரங்கத்துக்குள் பெண் காலடி பட்டால் ஆகாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. உலகம் ஒரு வழியாக எங்கள் இருவருக்கும் ஒரே கதவைத் திறந்து வைத்தால், சுவர் அவருக்குள் இருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பின்னால் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்தது அதுதான். "நான் ஏறல நைனா. நான்தான் பேங்க்ஸ்மன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப மணி அடி" என்றார்.

தகரத்தை விரல் முட்டியால் தட்டினேன். கீழே குனிந்து, கேஜுக்குள் நுழைகிறவர் மாதிரி தலையைக் காத்துக்கொண்டு, உள்ளே போனார். நான் நிலைப்படியிலிருந்தே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி, வெளியே தெரியாத எருமைகளையும் வயல்களையும் பற்றிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம், மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு கழிப்பறை கட்டித்தர, வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் லைன் பிள்ளைகள் முன்வந்தார்கள். எப்படிக் கட்டுவதென்று பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், வரைபடத்தைப் போனில் காட்டி, வரிசையாகக் கதவுகள், எல்லாருக்கும் பொது, எங்க ஆபீஸ்ல அப்படித்தான், எதுக்கு இந்த ஆம்பள பொம்பள பாகுபாடு என்றாள். அவள் பேச்சில் நியாயம் இருந்தது. எதிர்வீட்டு அத்தை, இப்போது தள்ளாத வயது, எழுந்திருக்காமலே பதில் சொன்னாள்: "உங்க ஆபீஸு பக்கத்துல இங்க மாதிரி சாராயக் கடை கிடையாதே கண்ணு." அதிலும் நியாயம் இருந்தது. மார்க்கெட்டுப் பெண்கள் அத்தை பக்கம். அம்மா அன்றுதான் முதல்முறையாக ஒன்றைச் சபையில் சொன்னாள். இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்தவள், வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லையாம். குடித்தால் போக வேண்டுமே. மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு இது தெரியாது. அவள் வயிற்றில் பிறந்து, அவள் கீரைக்காசில் படித்து, தெரியாது.

கடைசியில் என்னைக் கேட்டார்கள், எழுதுகிறவளாயிற்றே, நீ சொல் என்று. சுவர் வேண்டும் என்றேன். பெண்கள் பக்கம் தாழ்ப்பாளுள்ள கதவும் வெளிச்சமும் தண்ணீரும் வேண்டும், யாரும் எட்டிப்பார்க்க முடியாத சுவர் வேண்டும். அதோடு, சுவருக்கு வெளியே, இரண்டு பக்கமும் சேராமல் ஒரு கதவு வேண்டும், இரண்டு பேர் நிற்கிற அளவு இடத்தோடு.

"அது யாருக்கு? ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?" என்றாள் அத்தை.

"நைனாவுக்கு" என்றேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நடந்ததை நான் அவளிடம் சொன்னதில்லை, அம்மா சொல்லியிருக்க வேண்டும். கதவில் என்ன படம் போடுவதென்று ஒருவர் கேட்டார். படம் வேண்டாம் என்றாள் அத்தை. படம் இல்லையென்றால் யாருக்கென்று எப்படித் தெரியும் என்றார் அவர். "உள்ள போறவனுக்குத் தெரியும்" என்றாள்.

கட்டி முடித்தார்கள். நான் அதன் வாசலில் நின்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன், பிரிப்பது சரியா, சேர்ப்பது சரியா என்று. என் முதுகை நம்பி ஒருத்தியிடம் காட்ட எனக்குச் சுவர் வேண்டும். என் கையை விடத் தெரியாதவரோடு போக எனக்குச் சுவர் கூடாது. இரண்டும் ஒரே பெண்ணுக்கு, சில சமயம் ஒரே நாளில். பதில் என்று ஒன்றைத் தூக்கிக் கொடுக்க என்னிடம் இல்லை. கதவு இருக்கிறது.

போன மாதம் நைனாவை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முதலில் அந்தக் கதவைக் காட்டினேன். திறந்து பார்த்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார், நான் பின்னால் நிற்கிறேனா என்று பார்த்தார். பிறகு அம்மாவின் கீரைக்கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாங்க வந்தவர்களெல்லாம், வாங்க வாங்க, எங்க போயிட்டீங்க இத்தினி நாளா என்றார்கள். அவருக்கு யாரையும் தெரியவில்லை, எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். டீக்கடைப் பையன் வந்தான். குடித்தால் போக வேண்டுமே என்ற பழைய பயத்தில் நான் வேண்டாம் என்று கையாட்டுமுன், நைனா கிளாஸை வாங்கிவிட்டார். ஊதி ஊதி, அடிவரை குடித்தார்.

"இன்னொண்ணு சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். பையன் திரும்பப் போகிற நேரத்தில், கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மா, நிமிராமலே சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு."