விற்பனையை மூடுவது எப்படி?

ஸ்வர்ணலதாவுக்கு எதையும் துருவிக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. ஆதம்பாக்கத்தில் பஸ் ஏறினால் தி.நகர் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் சம்பந்தி வீட்டு வழக்கு வரைக்கும் விசாரித்துவிடுவாள். உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பதினோரு வருஷமாக அவள் கால் கடுக்க நின்றதும் அதற்காகத்தான். தினம் நூறு முகம், நூறு கதை!

தொண்ணூற்றேழில் முதலாளி கனகராஜுக்கு ஒரு யோசனை உதித்தது. விற்பனை செய்கிறவர்களுக்குப் பயிற்சி, பரீட்சை, சர்டிபிகேட்.

"பாஸானவங்க பட்டுல நில்லுங்க. ஃபெயிலானா கோடவுன்ல லேபிள் ஒட்டணும்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்வர்ணலதாவுக்கு ஒரே கவலைதான். கோடவுனில் யார் முகத்தைப் பார்ப்பது, அட்டைப் பெட்டியையா?

மயிலாப்பூரிலிருந்து பயிற்சியாளர் ராஜகோபாலன் வந்து ஆறு நாள் வகுப்பெடுத்தார். "கஸ்டமர் கண்ணைப் பார்த்துப் பேசணும்" என்றார்.

"எந்தக் கண்ணை சார்? ஒரே நேரத்துல ரெண்டையும் பார்க்க முடியலியே" என்றாள் இவள். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். பாவம், மனிதர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

பரீட்சையில் கடைசிக் கேள்வி, பத்து மார்க்: 'விற்பனையை எப்படி மூடுவீர்கள்?' ஸ்வர்ணலதாவுக்குப் பகீரென்றது. கடையில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். ராத்திரி ஷட்டரை இறக்கும்போதுகூட 'எடுத்து வைக்கலாம்' என்பதுதான் வழக்கம். 'நான் ஏன் மூட வேண்டும்? வியாபாரம் நன்றாக நடக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதற்கு முட்டை. மொத்தம் நாற்பத்து நான்கு. பாஸுக்கு ஐம்பது வேண்டும். விடைத்தாளும் கையுமாக நேரே ராஜகோபாலனிடம் போய் நின்றாள்.

"இன்னா சார் கேள்வி இது? வியாபாரத்தைப் போய் யாராவது மூடுவாங்களா?"

"ஐயோ, அது 'க்ளோசிங்'மா. கஸ்டமரைச் சரின்னு சொல்ல வெச்சு முடிக்கிறது. நான்தான் தமிழ்ல அப்படிப் போட்டேன்."

"அடக் கடவுளே, பில் போட வெக்கிறதா? அத அப்டியே கேட்டிருந்தா நாலு பக்கம் எழுதியிருப்பேனே!"

"சரி, இப்போ சொல்லுங்கோ. எப்படிப் போட வைப்பேள்?"

"புடவைய மடிச்சு வெச்சப்புறமும் அவங்க கை அதுமேலயே இருக்கும் சார். அப்ப நான் பேச்ச நிறுத்திடுவேன்."

"நிறுத்திடுவேளா? பேச வேண்டிய இடமே அதுதானே!"

"பேசினா கைய எடுத்துடுவாங்க."

"எவ்வளவு நேரம் பேசாம இருப்பேள்?"

ஸ்வர்ணலதா பதில் சொல்லவில்லை. ராஜகோபாலனின் கை விடைத்தாளின் மேல் இருந்தது. அவர் மின்விசிறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். அவள் இமைக்காமல் நின்றாள்.

"சரிம்மா" என்று பேனாவைத் திறந்து, முட்டைக்கு முன்னால் ஓர் ஒன்றைப் போட்டார்.