மூணு தரம் சொன்னால்தான் சோறு

என் மகள் மூன்று வயது வரை வளர்ந்தது மீன் ஏலத்தில்தான். விடிவதற்கு முன் நான் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும்போது அவளும் இடுப்பில் வருவாள். வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவள் அப்பா அந்த நேரத்தில் கடலில் இருப்பார். படகிலிருந்து இறக்கிய மீனைத் தரையில் கூறு கூறாகக் கொட்டுவார்கள். பெண்கள் நாங்கள் சுற்றி நின்று விலை கேட்போம். ஏலக்காரர் 'மூணு தரம்' என்று சொல்லி முடிக்கும்வரை யாரும் மீன்மேல் கை வைக்கக் கூடாது, வைத்தால் அன்றைக்கு அடிதடிதான். இவள் பளபளப்பைப் பார்த்துக் கையை நீட்டுவாள். நான் தட்டிவிடுவேன்.

"ஏலம் முடியட்டும்டி. அப்பறம் தொடு."

பிறகு பெரிய மார்க்கெட்டில் என் பக்கத்தில் சாக்கில் படுத்துத் தூங்குவாள். ஓரிடத்தில் இருக்காமல் ஓடத் தொடங்கியதும் அது முடியாமல் போனது. அரிவாள்மணை ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம். வியாபாரம் பார்ப்பதா, இவளைப் பார்ப்பதா? எங்கள் குருசுக்குப்பத்துப் பால்வாடியில் சேர்த்தேன். அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது. மதியம் சோறு, முட்டை. ஏலம் முடிந்து வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தி அவளை உள்ளே விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடலாம்.

நினைத்தபடி எது நடக்கிறது! பால்வாடியில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"ஏம்மா, தட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்குது. ஊட்டினாலும் வாயத் தொறக்கல. இப்படியே போனா சாயங்காலம் வரைக்கும் எப்படி வச்சிக்கறது?" என்றார் டீச்சர். வில்லியனூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம் அவருடையது. நல்ல மனுஷிதான். ஆனால் எனக்கு வந்த கோபத்தில் அதெல்லாம் தெரியவில்லை.

"வூட்ல ரெண்டு ஆள் சோத்தத் துன்னுதே! உங்க சாம்பார்ல இன்னாதான் போடறீங்க டீச்சர்?"

அவர் முகம் சுண்டிப்போனது. வீட்டில் அவள் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "புள்ள பட்டினி கெடக்கறதுக்கா யாவாரம்? வுட்டுட்டு வூட்ல இரு." மீன் கூடை என் தலையில் இருக்கும்வரைதான் எனக்குத் தெம்பு. நாலு பேரோடு சண்டை போட்டு, சிரித்து, விலை பேசி வாழ்ந்தவளை நாலு சுவருக்குள் உட்காரச் சொன்னால் எப்படி?

மறுநாள் பக்கத்துக் கடைக்காரியிடம் மீனைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சோறு போடும் நேரத்துக்குப் பால்வாடி ஜன்னலில் போய் நின்றேன். கூடத்தின் நடுவில் தட்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் சாம்பார் சாதத்தைக் குவியல் குவியலாக வைத்தார் டீச்சர். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொன்றாக இழுத்துக்கொண்டார்கள். என் மகள் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உள்ளே போனேன். அவள் தட்டைக் காட்டி, மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும் என் குரலில் கூவினேன்.

"சாம்பார் சோறு ஒரு கூறு! யாரு கேக்கறீங்க?"

டீச்சர் அரண்டுபோய் என்னைப் பார்த்தார். என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நூறு!" என்று கத்தினாள்.

"நூறு ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

அவ்வளவுதான். தட்டு வழித்துத் தின்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாம்பாரைப் பற்றிச் சொன்னதற்கு என்மேல் கோபம் இல்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு பால்வாடியில் தினமும் மதியம் ஏலம். ஒரு தட்டு மிச்சமில்லாமல் எல்லாம் ஏலம் போன பிறகுதான் சாப்பாடு. அஞ்சுக்கும் அம்பதுக்கும் வித்தியாசம் தெரியாமல் பிள்ளைகள் கத்துவார்கள், டீச்சர் அதிலேயே எண்ணிக்கை சொல்லிக்கொடுத்துவிடுவார். அவள் அப்பா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வியாபாரத்தை விடு என்ற பேச்சு அதோடு நின்றது.

போன வாரம் அவள் நினைப்பில் மார்க்கெட்டில் எனக்கு வேலையே ஓடவில்லை. பாதி மீன் விற்காத கூடையோடு அவளைப் பார்க்க ஓடிவந்துவிட்டேன். முக்காலிமேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவள்தான் ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள் என்று கூடையை இறக்கிவைத்துக் குனிந்துகூட நின்றேன்.

அவள் என் கூடையை எட்டிப் பார்த்தாள்.

"ஏலம் கேக்கறதுன்னா உள்ள வா," என்றாள். "இல்லன்னா போயி மீன வித்துட்டு வா."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குத் திரும்பினேன்.